கூலாய் தரவு மையமும் வன்பொருள் ஆவணங்களின் வரலாறும்

ஜொகூர் மாநிலத்தின் கூலாயில் ஒய்டிஎல் பசுமைத் தரவு மையப் பூங்கா அமைந்துள்ளது. அங்கே ஒய்டிஎல் பவர் நிறுவனமும் என்விடியாவும் 2023 டிசம்பரில் அறிவித்த செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தின் மதிப்பு 430 கோடி அமெரிக்க டாலர். என்விடியாவின் ஜிபி200 வகைக் கணினிகள் அதில் இடம்பெறும் என 2024 மார்ச்சில் ஒய்டிஎல் தெரிவித்தது. அவற்றிலுள்ள பிளாக்வெல் தலைமுறைச் சில்லுகள் லினக்ஸில் இயங்க, வன்பொருளை இயக்கும் மென்பொருளாக என்விடியாவின் திறந்த மூலக் கெர்னல் டிரைவர்தான் வேண்டும்; பழைய மூடிய டிரைவர் உதவாது. அப்படியானால் ஜொகூருக்கு வருபவை திறந்த கணினிகளா?

இதற்கு ஓர் அளவுகோல் தேவை. விற்றவரின் துணையின்றி, அவர் வெளியிட்ட கையேட்டை மட்டும் வைத்து வெளியார் ஒருவர் டிரைவர் எழுத முடியுமா என்பதே அது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி இந்தச் சோதனையில் தேறும். அதன் தொழில்நுட்பக் கையேட்டில் சுற்று வரைபடங்களும், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் முழுவதும் அச்சாகியிருந்தன. பயாஸின் பதிப்புரிமை ஐபிஎம்மிடமே இருந்தது; ஆனால் பொருள் எப்படி இயங்குகிறது என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

பிந்தைய ஆண்டுகளில் திறந்தநிலை பற்றிய நிறுவனங்களின் பேச்சும் நடப்பும் விலகின. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2006இல் தன் டி1 செயலியின் வடிவமைப்பையே ஓபன்ஸ்பார்க் என்ற பெயரில் ஜிபிஎல் உரிமத்தில் தந்தது. ஆனால் அதே நிறுவனத்திடமிருந்து அல்ட்ராஸ்பார்க் 3 செயலியின் ஆவணங்கள் கிடைக்கவில்லை என்று ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் நெடுங்காலம் முறையிட்டனர். ஏஎம்டியின் போக்கு மேலானது: வரைகலைச் சில்லு நிறுவனமான ஏடிஐயை வாங்கிய மறு ஆண்டே, 2007இல், அச்சில்லுகளை நிரல் மூலம் கட்டுப்படுத்த உதவும் ரெஜிஸ்டர் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அச்சில்லுகளுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் மூடியதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்விடியாவின் கதை இன்னும் கடினமானது. அதன் சில்லுகளுக்கான நூவோ டிரைவரைத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் தலைகீழ்ப் பொறியியல் மூலம் உருவாக்கினர். 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில், நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே சில்லு ஏற்கும் நிலை வந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபர்ம்வேர் நூவோவுக்குக் கிடைக்காததால், அந்த அட்டைகள் கணினி தொடங்கும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே முடங்கின. பிழை நிரலில் இல்லை. சாவி வேறொருவர் கையில் இருந்தது.

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் டிரைவரின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் ஆகிய இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. இது உண்மையான முன்னேற்றம். ஆயினும் டியூரிங் தலைமுறை முதல் சில்லுக்குள் இருக்கும் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலிதான் தொடக்கப் பணிகளையும் மின்சக்தி மேலாண்மையையும் கவனிக்கிறது. திறந்த டிரைவர் அதற்குச் செய்தி அனுப்புகிறது; வேலையைச் செய்யும் ஃபர்ம்வேர் மூலநிரலின்றி, கையொப்பமிட்ட இருமக் கோப்பாகவே வருகிறது. என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருள் நூலகங்களும் மூடியவையே. சில வன்பொருள் ஆவணங்கள் வெளிவந்துள்ளன. முழுக் கையேடு வரவில்லை. நம் அளவுகோலில் இது தேறாது.

மலேசியப் பொதுத்துறை 2004இலேயே திறந்த மூல மென்பொருளுக்குப் பெருந்திட்டம் வகுத்தது. அந்த அக்கறை இனி வன்பொருளுக்கும் நீள வேண்டும். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் என்விடியாவின் திறந்த டிரைவரை வரிவரியாகப் படிக்கலாம். அதற்கு அடியில் சில்லு என்ன செய்கிறது என்பதை அறிய அவருக்கு வழியில்லை. பொதுப்பணத்தில் கணினி வாங்கும் நிறுவனங்கள், ரெஜிஸ்டர் ஆவணங்களையும் ஃபர்ம்வேர் விவரங்களையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.