பெயரும் பெட்டியும்: முதற் பொதுத் தேர்தலில் வாக்காளரின் நம்பிக்கையும் அச்சமும்

முன்னுரை

தேர்தல் வரலாறு எழுதுவோர் வென்றவர் பக்கம் நின்றே பெரிதும் எழுதுவர். எக்கட்சி எத்தனை இடம் பெற்றது, எவர் அமைச்சரவை அமைத்தார் என்பனவே அவர்தம் வினாக்கள். வாக்களிக்கச் சென்றவர் நெஞ்சில் அன்று என்ன இருந்தது என்னும் வினா எளிதில் விடை தருவதன்று. வேட்பாளர் மேடையிற் பேசினார். அவர் பேச்சு செய்தித்தாள்களில் பதிவாயிற்று. வாக்காளரோ வரிசையில் நின்றார், சீட்டை இட்டார், வீடு திரும்பினார். அவர் நம்பியதும் அஞ்சியதும் அவருடனேயே சென்றன.

எனினும் சான்று அறவே இல்லை என்று கூறுதற்கில்லை. 1951 அக்டோபர் 25ஆம் நாள் தொடங்கி 1952 பிப்ரவரி 21ஆம் நாள் முடிய நடைபெற்ற இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அத்தேர்தல் இரு பொருள்களை ஒவ்வொரு வாக்காளர் முன்னும் வைத்தது. ஒன்று, வாக்காளர் பட்டியல். மற்றொன்று, வாக்குப் பெட்டி. பட்டியலில் தம் பெயர் வெளிப்பட வேண்டும் என்பதில் வாக்காளரின் நம்பிக்கை அடங்கியிருந்தது. பெட்டியில் தம் தெரிவு மறைந்திருக்க வேண்டும் என்பதில் அவரது கவலை அடங்கியிருந்தது. தமிழ் இலக்கண மரபிற் கூறுவதாயின், வாக்காளரின் பெயர் புறம். அவரது தெரிவு அகம். இவ்விரண்டும் ஒருங்கே காக்கப்படும்போதுதான் வாக்கு வாக்காகும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடவோலையும் வாக்குச் சீட்டும்

தேர்தல் பற்றித் தமிழில் எழுதுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டினின்று தொடங்குதல் வழக்கம். முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்விரு கல்வெட்டுகளும் பெருமைக்குரியனவே. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய அந்நெறி இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயினும் அதனை இக்காலத் தேர்தலின் முன்மாதிரியாகக் கொள்ளுமிடத்து ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

அங்கே முப்பது குடும்புகளிலும் ஓலையில் எழுதப்பட்டவை தேர்ந்தெடுப்போர் பெயர்கள் அல்ல. தேர்ந்தெடுக்கப்படத் தகுதியுடையார் பெயர்களே. அவ்வோலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தனர். ஆகவே அது திருவுளச் சீட்டுக்கு இனமானதேயன்றி, பலர் கருத்தை எண்ணிக் கணக்கிடுவது அன்று. தகுதியோ கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, மறைக் கல்வி, முப்பத்தைந்து முதல் எழுபது வரை அகவை என வரையறுக்கப்பட்டது. கல்வி மிக்கார்க்கு நில அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. மகளிர்க்கும் உழுகுடிகளுக்கும் அங்கு இடமில்லை.

குடத்தினின்று ஓலை எடுக்கும் வழக்கம் அதனினும் பழமையானது என்பதற்கு அகநானூற்று 77ஆம் பாடலில் வரும் உவமை சான்றாகும். அவ்வுவமையிலும் நம் கண்முன் நிற்போர் முத்திரையை நோக்கிக் குடத்தைத் திறக்கும் அலுவலரே. ஓலை இட்டவரின் உள்ளம் பற்றிய குறிப்பு அங்கு இல்லை. அறியாச் சிறுவன் கையினால் எடுக்கும் ஓலையில் எவர் தெரிவும் இல்லை; எனவே தெரிவை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. 1952ஆம் ஆண்டின் வாக்காளர் நிலை இதற்கு நேர்மாறானது. பெட்டியுள் அவர் பெயர் இல்லை. அவர் தெரிவு மட்டுமே இருந்தது.

பட்டியலில் ஏறிய பெயர்

ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை நிலம், வரி, கல்வி ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. பெண் என்பதனாலேயே வாக்குரிமை மறுக்கப்படும் நிலையைச் சென்னை மாகாணம் 1921ஆம் ஆண்டில் பிற மாகாணங்களுக்கு முன்னரே நீக்கியது. எனினும் சொத்துத் தகுதி நீங்காமையின் அவ்வுரிமை மிகச் சிலரையே அடைந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று கோடிப் பேரே வாக்காளராயினர். முதற் பொதுத் தேர்தலில் அத்தொகை 17 கோடியே 32 இலட்சமாக உயர்ந்தது. இருபத்தொன்று அகவை நிரம்பிய எவரும் வாக்களிக்கலாம் என்ற ஒரு விதியால் விளைந்த மாற்றம் இது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டிலேயே, இப்பட்டியலின் வேலை தொடங்கியது என்பது கருதத்தக்கது. குறித்த காலம் ஓரிடத்தில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்ற விதி, நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோர்க்குத் தடையாயிற்று. வீடு இழந்தவர் இருப்பிடச் சான்றுக்கு எங்கே செல்வர்? தம் பெயரைச் சேர்க்குமாறு அவர்கள் விண்ணப்பங்கள் விடுத்தனர். நிலையாக வாழ எண்ணியுள்ளோம் என்று அவர் தரும் உறுதிமொழியே போதும் என அதிகாரிகள் பின்னர் முடிவு செய்தனர். வீடும் நிலமும் இழந்தவர்க்கு, இந்நாடு தம்மை ஏற்றது என்பதற்குக் கிடைத்த முதல் எழுத்துச் சான்று பட்டியலில் ஏறிய பெயரே எனலாம்.

பெயரின் மதிப்பை இதனினும் தெளிவாகக் காட்டுவது மகளிர் பட்டியல் பற்றிய நிகழ்ச்சி. பீகார், உத்தரப் பிரதேசம், இராசத்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளில் பட்டியல் எடுக்கச் சென்ற அலுவலரிடம் மகளிர் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதிக்கொள்ளச் செய்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அம்முறையை ஏற்கவில்லை. பெயரைத் தெரிவிக்க வாய்ப்பளித்த பின்னரும் தெரிவியாதார் நீக்கப்பட்டனர். இவ்வாறு நீங்கியோர் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். இதனால் எழுந்த கண்டனம் நன்மைக்கே என்றும், அடுத்த தேர்தலுக்குள் அத்தயக்கம் நீங்க அது துணைசெய்யும் என்றும் சென் கருதினார்.

இதனைத் தமிழ் பயில்வோர் தொல்காப்பியர் வகுத்த நெறியோடு ஒப்பிட்டு நோக்கலாம். அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்படுதல் இல்லை. புறத்திணையிலோ பெயர் சுட்டுதற்குத் தடையில்லை. வடபுலத்து மகளிர் தொல்காப்பிய விதி அறிந்து நடந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. பெயரை வீட்டிற்குள் வைத்துக் காக்கும் மனநிலை இந்நாட்டில் பரந்து கிடந்தது என்பதே கருத்து. கணவன் பெயரைச் சொல்லாமல் குறிப்பாற் புலப்படுத்தும் வழக்கம் நம் ஊர்களிலும் அண்மைக் காலம் வரை இருந்ததன்றோ? அகத்தில் பெயரின்மை ஒரு மாண்பு. ஆனால் அரசு என்பது புறம். பெயரில்லாதாரைப் புறம் அறியாது. அம்மகளிர் அஞ்சியது மானத்திற்கு, இழந்ததோ உரிமை. சென் செய்தது கடுமையே எனினும், இன்னாரின் மனைவி என்ற பெயரால் இடப்படும் வாக்கு, காலப்போக்கில் அந்த இன்னாரின் வாக்காகவே முடிந்திருக்கும் என்பதை மறுத்தல் அரிது.

பெட்டியில் மறைந்த தெரிவு

1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டு மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. இந்நிலையில் சீட்டில் பெயரைப் படித்து அடையாளம் இடும் முறை இயலாததாயிற்று. ஆகவே ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவர்க்குரிய சின்னத்தை ஒட்டினர். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, ஆலமரம், குடிசை, கதிர் அரிவாள் முதலாய சின்னங்கள் அவ்வாறு மக்கள் கண்ணுக்குப் பழகின. வாக்காளர் மறைவிடத்துள் சென்று தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் வெற்றுச் சீட்டை இடுதல் வேண்டும். இதற்கெனச் செய்யப்பெற்ற எஃகுப் பெட்டிகள் ஏறத்தாழ இருபது இலட்சம். அமைக்கப்பெற்ற சாவடிகள் இரண்டே கால் இலட்சத்தை ஒட்டியவை.

எண்ணுவதற்குப் பெட்டிகளைத் திறந்தபோது சில இடங்களில் சீட்டல்லாத பிறவும் கிடைத்தன. பெட்டிகளுக்குப் பூவும் குங்குமமும் இட்டு வணங்கியோர் உண்டு. காணிக்கைக் காசும், சோறும் துணியும் வேண்டும் என்று எழுதிய விண்ணப்பமும் பெட்டியுள் கிடந்தன. இவற்றைக் கண்டு நகைத்தோர் அன்று பலர். நாம் நகைத்தற்கு ஒன்றும் இல்லை. கோயில் உண்டியலில் வேண்டுதலை எழுதி இடும் மக்கள், அரசின் வாயிலாகத் தம் முன் முதன்முறை திறந்த ஒரு துளையிலும் அவ்வாறே செய்தனர். வாக்கு என்பது ஆளை அமர்த்துவது; குறையைக் கூறுவது அன்று. இவ்வேறுபாட்டை அவர்கள் அறியாதிருக்கலாம். ஆனால் அத்துளைக்கு அப்பால் தம் குறையைக் கேட்பார் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கை அச்செயலில் உள்ளது. வாக்காளர் உள்ளத்தை அவர்தம் கையெழுத்தாலேயே காட்டும் மிகச் சில சான்றுகளுள் அவ்விண்ணப்பங்கள் அடங்கும்.

சோறு என்பது வெறுஞ்சொல் அன்று. அக்காலத்துச் சென்னை மாநிலத்தில் மழை பொய்த்து உணவுப் பங்கீடும் கட்டுப்பாடும் நிலவின. 1952 சனவரியில் வாக்களித்தோர் அக்குறையை நெஞ்சிற் கொண்டே சாவடிக்குச் சென்றனர் என்று கொள்ளுதல் பொருந்தும். 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியாகிய காங்கிரசு 152 இடங்களே பெற்றது. முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராசாவே தோல்வியுற்றார். ஏப்பிரல் மாதத்தில் முதலமைச்சரான இராசாசி சூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். விண்ணப்பம் எழுதி இட்டவர் செய்ய எண்ணியதை, ஒன்றும் எழுதாத வெற்றுச் சீட்டுகள் செய்து முடித்தன.

இனி அச்சத்தின் பக்கத்தை நோக்குவோம். நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது என்ற நிலையுள்ள ஊரில், தாம் எப்பெட்டியில் இட்டோம் என்பது வெளிப்படுமோ என்ற கவலை குத்தகையாளர்க்கும் கூலியாளர்க்கும் இயல்பே. சீட்டில் யாதொரு குறியும் இடாத முறை அவர்க்கு ஓர் அரண். ஆனால் அவ்வரணிலேயே ஒரு விரிசல் இருந்தது. குறியிடாத சீட்டை மறைவிடத்தில் பெட்டியில் இடாமல் வெளியே கொண்டுவந்து விற்றுவிடலாம். வாங்கியவர் அதனைப் பிறிதொருவர் வாயிலாகத் தம் பெட்டியில் இடுவிக்கலாம். தெரிவை மறைத்த அதே திரை விற்பனையையும் மறைத்தது. இக்குறை கண்டே 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பெரும்பாலான இடங்களில் ஒரே சீட்டில் சின்னத்திற்கு நேரே முத்திரையிடும் முறை கொண்டுவரப்பட்டது.

அத்தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பேர். எஞ்சியோர் அனைவரையும் அக்கறையற்றவர் என்று கூறுதல் நேர்மையன்று. அவருள் அஞ்சியவர் எத்துணைப் பேர், தொலைவு கருதி நின்றவர் எத்துணைப் பேர் என்பதை எண்கள் சொல்லா.

முடிவுரை

அன்றிருந்த கருவிகள் இன்றில்லை. வாக்குரிமை அகவை 1989ஆம் ஆண்டில் பதினெட்டாகக் குறைந்தது. 2004ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் நாடு முழுவதும் மின்னணு எந்திரமே பெட்டியின் இடத்தைப் பெற்றது. ஆயினும் பழைய இரு கவலைகளும் வடிவு மாறி நிற்கின்றன. பீகாரில் 2025ஆம் ஆண்டில் நடைபெற்ற சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறாமை உச்ச நீதிமன்றம் வரை வழக்காயிற்று. சாவடி வாரியாக வாக்கு எண்ணிக்கை வெளிவருதலின், தனியொருவர் தெரிவு மறைந்திருப்பினும் ஒரு தெருவின் தெரிவு, ஓர் ஊரின் தெரிவு வெளிப்பட்டு விடுகின்றது. பெயர் விடுபடுதலும் தெரிவு வெளிப்படுதலும் ஆகிய இரண்டும் வெவ்வேறு குறைகள் போலத் தோன்றினும், வாக்காளரைப் பொறுத்தவரை ஒரே உரிமையின் இரு பக்கங்களே என்பது மேற்கூறியவற்றால் விளங்கும்.

1951 அக்டோபர் 25இல் பனிக்கு முந்தி வாக்களித்த இமயமலைச் சினி வட்டத்தினருள் முதல்வராகக் கூறப்படுபவர் சியாம் சரண் நேகி என்னும் பள்ளி ஆசிரியர். அவர் 2022 நவம்பரில் தம் 105ஆம் அகவையில் மறைந்தார். மறைவதற்குச் சில நாள் முன்னும் அஞ்சல்வழி வாக்களித்தார். அவர் நினைவுகள் பதிவாகியுள்ளன. நம் ஊர்களில் 1952ஆம் ஆண்டில் வாக்களித்தோருள் இன்று எஞ்சியோர் தொண்ணூறு கடந்தவர். அவருள் பெண்டிர் தம் பெயரைப் பட்டியல் எழுத வந்தவரிடம் எவ்வாறு சொன்னார், எப்பெட்டியின் முன் நின்று தயங்கினார், எதை வேண்டிச் சீட்டை இட்டார் என்பனவற்றைக் கேட்டு எழுதுவார் வேண்டும். கல்வெட்டைப் படியெடுப்பதற்கு நாம் காட்டும் விரைவில் ஒரு பங்கினை முதுகலை மாணவர் இதற்கும் காட்டுவாராயின், தேர்தல் வரலாற்றில் வாக்காளர்க்குரிய இடம் கிடைக்கும். கல்வெட்டு காத்திருக்கும், இவர்கள் காத்திரார்.