கங்கைக் கரையில் இரவுத் தூண்டில்

நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா மாநகரின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையையும் துறைமுகத்தையும் வணிகத்தையும் விரித்துரைப்பர். ஆற்றங்கரையில் இரவெல்லாம் தூண்டிலிட்டுக் காத்திருக்கும் எளிய மக்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் கங்கையின் கிளையாகிய ஹூக்ளியின் மீன்வளமும், அதன்மேல் உரிமை எவருக்கு என்னும் வழக்கும் இந்நகரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் மீசை மீன்களின் கதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கெளிறு, கெளுத்தி, வாளை, தேளி முதலியன ஓரினத்தன. இவற்றின் உடலில் செதிள் இல்லை. வாயைச் சுற்றி மீசை போன்ற உறுப்புகள் உண்டு. தொடுகையையும் சுவையையும் அவற்றால் உணர்வதால், கலங்கல் நீரிலும் காரிருளிலும் இவை இரை தேடவல்லன. பகலில் ஒதுங்கிக் கிடப்பவற்றுள் பல, இருட்டிய பின் கரையோரம் வருவன. ஆகவே தூண்டிற்காரர் ஈயக் குண்டு கட்டிய கயிற்றில் மண்புழுவையோ சிறு இறாலையோ கோத்து, ஆற்றின் அடியில் கிடக்குமாறு எறிந்து காத்திருப்பர். கடலின் ஏற்றவற்றம் நாள்தோறும் இருமுறை இந்நகரைத் தாண்டிச் செல்கிறது. அவ்வோதமே அவர்களுக்குக் கடிகாரம்.

நம் வாளையை வங்காளியர் போயால் என்பர்; கெளிற்றை டேங்ரா என்பர்; குளத்திலும் சேற்றிலும் வாழும் தேளியைச் சிங்கி என்பர். நோயினின்று தேறுவோருக்குச் சிங்கி மீன் குழம்பு கொடுப்பது இந்நாட்டு வழக்கம். இம்மீனை 1794-இல் மேனாட்டு அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் பெர்லின் நகரத்து அறிஞர் பிளாக் என்பார். அவர் கண்டெழுதிய மீன் நம் தரங்கம்பாடியினின்று சென்றது என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

கங்கை மீன்களை முறையாக ஆராய்ந்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800-இல் சென்னையினின்று புறப்பட்டு மைசூர், மலையாள நாடுகளைச் சுற்றி வந்து பயண நூல் எழுதியவரும் இவரே. பின்னர் வங்காளத்தில் அரசுப் பணியிலிருந்தபோது மீன்களை ஆய்ந்து, 1822-இல் கங்கை மீன்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பங்காஸ், ரீட்டா, டேங்ரா என்று ஆற்றங்கரை மக்கள் வழங்கிய பெயர்களையே அவர் அறிவியற் பெயர்களாக அமைத்துக்கொண்டார். இன்றும் உலகெங்கும் அப்பெயர்களே வழங்குகின்றன. மீனவர் நாவில் பிறந்த சொற்கள் நூலேறி நிலைத்தன. அவற்றைச் சொல்லிக் கொடுத்த மீனவரின் பெயர்களோ நம்மை வந்தடையவில்லை.

உரிமையின் கதை இதனினும் பெரிது. 1793-இன் நிலையான நிலவரித் திட்டத்திற்குப் பின், ஜல்கர் எனப்படும் மீன்பிடி உரிமை பல நீர்நிலைகளில் நிலக்கிழாரிடம் இருந்தது. ஹூக்ளியில் மீன் பிடிப்போர்மீது கம்பெனியார் வரி விதித்தபோது, தட்சிணேசுவரக் கோயிலை எழுப்பிய இராணி ராசமணி அம்மையார் கூசுரி முதல் மட்டியாபுருசு வரை ஆற்றைக் குத்தகைக்கு எடுத்தார் என்றும், இரும்புச் சங்கிலியிட்டுக் கப்பல்களைத் தடுத்தார் என்றும், அதன்பின் அவ்வரி நீக்கப்பட்டது என்றும் வங்காளியர் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். ஏழை மீனவர்க்காக ஒரு பெண்மணி ஆட்சியாளரை எதிர்த்து நின்ற நிகழ்ச்சி இது. பின்னர் 1889-இல் வங்காள அரசு இயற்றிய சட்டம், தனியார்க்குரிய நீரில் இசைவின்றி மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. 1897-இன் இந்திய மீன்வளச் சட்டம், வெடியும் நஞ்சும் இட்டு மீனைக் கொல்வதைத் தடுத்தது. முன்னது உடையவரைக் காத்தது. பின்னது மீனைக் காக்க முயன்றது.

காலம் ஆற்றையும் மாற்றியது. 1975-இல் பராக்கா அணை செயற்படத் தொடங்கியபின், கங்கையின் நன்னீர் மிகுதியாக ஹூக்ளியில் வந்து சேர, உவர்நீரின் எல்லை கடலை நோக்கிப் பின்வாங்கியது. நகரின் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் ஆற்றை வருத்துகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டு மீன்களை அழிக்கும் என்று அஞ்சி, 2000-இல் நடுவணரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. நம் பழந்தமிழ்ப் புலவர் பாடிய வாளையோ, இன்று உலக அளவில் அருகிவரும் மீன்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

நம்முள் மீனுண்போரும் உளர், உண்ணாதோரும் உளர். இவ்வரலாறு இருசாரார்க்கும் உரியதே. வந்தேறிய நகரின் மொழியை நாம் கற்றோம். அதன் விழாக்களில் பங்கு கொண்டோம். அதன் ஆற்றையும் அறிதல் வேண்டும். ஆற்றில் மீன் குறைந்தால் முதலில் பசிப்பவர், அடுத்த வேளை உணவை அவ்விரவுத் தூண்டிலில் நம்பியிருப்பவரே. மாலையில் படித்துறைக்கு உலாவச் செல்லும் நம் குடும்பத்தார் தம் சிறுவர்க்குக் கப்பலையும் பாலத்தையும் காட்டுவதோடு, அத்தூண்டிற்காரரையும் காட்டி, அவர் பிடித்த மீனின் பெயரை வங்காளத்திலும் தமிழிலும் சொல்லிக் கொடுப்பார்களாக. பெயர் அறிந்த பொருளின்மேல்தான் பரிவு பிறக்கும். அவ்வாற்றைக் காக்கும் எண்ணமும் அதன் வழியே வளரும்.