ஜுதாம் நோயும் நம் கடமையும்

மரக்காணம் உப்பளங்களில் வெறுங்காலுடன் உழைப்போர் அறிந்த உண்மை ஒன்று உண்டு: காலில் கீறல் பட்டால் உப்புநீர் எரிக்கும். எரிச்சல் தோன்றாத காலே அச்சத்திற்குரியது. தோல் உணர்விழத்தல் தொழுநோயின் முதன்மை அடையாளங்களுள் ஒன்று. அரபியில் ஜுதாம் எனப்படும் இந்நோயும், ஸில்லு எனப்படும் காசநோயும் ஒரே கிருமிக் குடும்பத்தால் விளைபவை. முன்னதன் கிருமியை 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சனும், பின்னதன் கிருமியை 1882இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக்கும் கண்டறிந்தனர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் இவ்விரண்டையும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோய்களின் வரிசையில் வைத்தார்.

ஹதீஸ் கலை பயில்வோர் இங்கே முரண்போல் தோன்றும் ஒன்றைச் சந்திப்பர். சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோல் ஜுதாம் நோயாளியிடமிருந்து விலகுமாறு கூறும் அறிவிப்பு புகாரியில் உள்ளது. அதன் தொடக்கமோ தொற்று என்பது இல்லை என்கிறது. நபி (ஸல்) அவர்கள் அத்தகைய நோயாளியின் கையைப் பற்றித் தம்முடன் உண்ணச் செய்ததாக வரும் அறிவிப்பைத் திர்மிதீ பதிவு செய்து, அது ‘கரீப்’ என்றும் குறித்துள்ளார். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) இவற்றை இணக்கிக் காட்டினார்: நோய் தன் இயல்பால் தொற்றுவதில்லை, கலந்து பழகுதலை அதற்குக் காரணமாக்கியவன் இறைவன். ஆகவே விலகுதல் ஒரு காரணத்தைச் சார்ந்த எச்சரிக்கையே. அம்மனிதரைப் பற்றிய தீர்ப்பன்று. உமையா கலீஃபா வலீத் ஜுதாம் நோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி, அவர்கள் இரந்து வாழாதிருக்க வகை செய்த செய்தியைத் தபரீயின் வரலாற்றில் காணலாம்.

இக்காரணமே ஃபிக்ஹிலும் இடம்பெற்றது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’, தம்பதியருள் ஒருவருக்கு ஜுதாம் இருப்பின் மற்றவர் திருமணத்தை முறித்துக்கொள்ள இடமளிக்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவ்வுரிமையை ஏற்கவில்லை. அவர்தம் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) மனைவிக்கு மட்டும் அதனை வழங்கினார். குணப்படுத்த வழியற்ற காலத்தில் எழுந்த சட்டங்கள் இவை.

அக்காரணம் வலுவிழந்த வரலாற்றின் பெரும்பகுதி நம் பகுதியிலேயே நிகழ்ந்தது. மரக்காணத்திற்கு வடக்கே, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. ராபர்ட் காக்ரேன் 1940களில் சல்போன் மருந்தை அங்கே ஆராய்ந்தார். 1955இல் அது மத்திய அரசின் ஆய்வு நிறுவனமாயிற்று. 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமளிக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மையும் நீங்கிவிடுகிறது.

காசநோயில் இப்பாடம் இன்னும் தெளிவானது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்க்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவில், சானடோரியத்தினர் 92 விழுக்காட்டினரும் வீட்டிலிருந்தோர் 86 விழுக்காட்டினரும் நலம் பெற்றிருந்தனர். குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் கண்காணித்ததில், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் மற்றவர்க்கு நோய் மிகுதியாகவில்லை எனத் தெரிந்தது. நல்லுணவும் ஓய்வும் குறைந்த ஏழை வீடுகளில் பெற்ற முடிவு இது என்பது கருதத்தக்கது. நோயாளியை இல்லத்தினின்று பிரிக்கத் தேவையில்லை என்பதை உலகம் சென்னையிடமிருந்து கற்றது.

சட்டம் மெல்லப் பின்தொடர்ந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் மனைவி விடுதலை கோருவதற்குரிய காரணங்களுள் தொழுநோயும் ஒன்றாயிருந்தது. 2019இல் நாடாளுமன்றம் அதனையும், பிற திருமணச் சட்டங்களிலிருந்த அவ்வாறான விதிகளையும் நீக்கியது.

ஏட்டிலிருந்து நீங்கியது இதயத்திலிருந்து நீங்கியதா? இக்கரையின் ஒரு பள்ளிவாசலில், மருந்து முடித்துக் குணமான முதியவர் ஒருவர் எப்போதும் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவரை அங்கே எவரும் நிறுத்தவில்லை. முன்னே வாருங்கள் என்று அழைத்தவரும் இல்லை. ‘மின்ஹாஜ்’ பாடத்தைப் பல்லாண்டு நடத்திய நானும் அழைக்கவில்லை. காரணம் நீங்கினால் விதி நீங்கும் என்று மாணவர்க்குக் கற்பிப்பவர்கள், அதனை முதலில் ஸஃப்பில் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும்.