அம்பு நஞ்சும் ஆபரேஷன் மேசையும்

வயிற்றைக் கீறப் போகும் டாக்டருக்கு நோயாளியின் தசைகள் பெரிய விரோதிகள். மனிதன் மயங்கினாலும் அவை லேசில் மயங்குவதில்லை. கத்தி பட்டதும் வயிறு பலகைபோல் இறுகிக்கொள்ளும். அதைத் தளர்த்த, முற்காலத்தில் ஈதரை மேலும் மேலும் கொடுப்பார்கள். தசை தளரும், பலவீனமான இதயமும் கூடவே தளர்ந்துவிடும்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தென் அமெரிக்கக் காடுகளில் இருந்தது. அங்கே வேடர்கள் அம்பு நுனியில் குராரே என்னும் நஞ்சைத் தடவுவார்கள். அம்பு தைத்த பிராணி சுருண்டு விழுந்து, மூச்சு நின்று சாகும்.

1814-ல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு இந்த நஞ்சை ஏற்றினார்கள். சார்லஸ் வாட்டர்டன் என்ற யாத்திரிகர் உடன் இருந்தார். பத்து நிமிஷத்தில் கழுதை செத்ததுபோல் கிடந்தது. உடனே மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்று ஊதினார்கள். கழுதை பிழைத்தது; பல வருஷம் புல் மேய்ந்து வாழ்ந்தது! நஞ்சு நிறுத்தியது மூச்சை. மூச்சை யாராவது கடன் கொடுத்தால் உயிர் தங்கும் என்று தெரிந்தது.

நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தகராறு என்பதை 1850-களில் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் தவளைகளைக் கொண்டு விளக்கினார்.

அது என்ன தகராறு என்கிறீர்களா? மூலனூரில் தாராபுரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறுமுன்பே யாரோ ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். துண்டு பிரயாணம் செய்வதில்லை. உங்களை உட்காரவும் விடுவதில்லை. நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத் தூதன் தசையிலுள்ள ஆசனத்தில் அமர்ந்தால்தான் தசை சுருங்கும். குராரே அந்த ஆசனத்தில் துண்டு போட்டுவிடுகிறது! நியோஸ்டிக்மைன் என்ற மாற்று மருந்து தூதர்கள் அழியாமல் காத்துக் கூட்டத்தைப் பெருக்கும். கூட்டம் நெருக்கினால் துண்டு விழத்தானே வேண்டும்?

1942 ஜனவரி 23-ந் தேதி, கனடாவில் மான்ட்ரீல் நகரத்து டாக்டர்கள் ஹரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்ஸனும் ஒரு குடல்வால் ஆபரேஷனில், மயக்கத்திலிருந்த நோயாளிக்குக் குராரே கொடுத்தார்கள். அதிக மயக்க மருந்து இல்லாமலே வயிறு தளர்ந்தது.

ஆனால் அசையாமல் கிடப்பவன் உறங்குகிறானா? 1947-ல் வெளியான ஒரு சோதனையில், ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர் அதைத் தம் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். விரலைக்கூட அசைக்க முடியவில்லை. எல்லாம் கேட்டது, வலியும் தெரிந்தது!

குராரே தரும் கொடி, நம் வேலிகளில் படரும் சீந்திலுக்கு உறவு. அதே குடும்பத்துப் பொன்முசுட்டை வேரிலிருந்து 1950-களில் நம் நாட்டு விஞ்ஞானிகள் ஹயாட்டின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சற்று மாற்றி அமைத்தபோது குராரே போலவே வேலை செய்தது. இன்று குராரேக்குப் பதில் வெகுரோனியம், ரோகுரோனியம் போன்ற மருந்துகள் வந்துவிட்டன.

மருந்து மாறினாலும் நியதி மாறவில்லை. உறக்கத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து தனியே வேண்டும். மூச்சுக்கோ, அன்று துருத்தி பிடித்ததுபோல் தலைமாட்டில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். வெட்டித் தைத்த டாக்டரின் பெயரை ஆயுள் முழுதும் சொல்லுகிறோம். அத்தனை நேரமும் நமக்காக மூச்சுவிட்டவரின் பெயரை எத்தனை பேர் கேட்டு வைத்திருக்கிறோம்?