பிறவிக் கண்ணியக்க ஏப்ராக்சியா

பிறவிக் கண்ணியக்க ஏப்ராக்சியா என்பது, கண் தசைகளும் அவற்றை இயக்கும் நரம்புகளும் செயல்படும் நிலையில் இருந்தும், பக்கவாட்டில் உள்ள பொருளை நோக்கிக் கண்களை விரும்பியபோது திருப்ப இயலாத அரிய குழந்தைப்பருவக் கோளாறாகும். அமெரிக்கக் கண் மருத்துவர் டேவிட் காகன் 1952இல் இதனை விவரித்தார். ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வை சட்டென்று தாவும் அசைவு தாவலசைவு எனப்படும்; அதைத் தொடங்குவதில்தான் தடை நேர்கிறது. மேலும் கீழுமான அசைவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

முதல் சில மாதங்களில், தாயின் முகத்தையோ கிலுகிலுப்பையையோ கண்கள் பின்தொடராததால், குழந்தைக்குப் பார்வையே இல்லையோ என்று பெற்றோர் அஞ்ச நேர்கிறது. கழுத்து நின்றபின், பெரும்பாலும் 4 முதல் 8 மாதங்களுக்குள், இக்கோளாற்றின் தனி அடையாளமான தலைவீச்சு தோன்றுகிறது. தலை ஒருபுறம் திரும்பும்போது, உட்செவியின் சமநிலை உறுப்பால் எழும் அனிச்சைச் செயல் கண்களை எதிர்ப்புறம் தள்ளுவது அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் இக்குழந்தையால் கண்களைத் தாமாக முன்கொணர முடியாததால், அவை எதிர் ஓரத்தை எட்டி அதற்குமேல் நகர இடமின்றிப்போகும்வரை தலையை இலக்கையும் தாண்டி வீசித் திருப்புகிறது. பார்வை இலக்கில் பதிந்ததும் கண்களை அங்கேயே நிறுத்தித் தலையை மெல்ல நேராக்கிக்கொள்கிறது. சில குழந்தைகள் இதனுடன் கண்களையும் சிமிட்டுகின்றன. பார்வையின்மைக்கு மாறாக, பார்த்தே தீரவேண்டும் என்னும் முயற்சியின் வெளிப்பாடான இவ்வசைவை வலிப்பு எனக் கருதி மருந்து தொடங்குவது பெருந்தவறாகும்.

நோயறிய, மருத்துவர் குழந்தையைக் கையிலேந்தி மெதுவாகச் சுற்றுவார். இயல்பான குழந்தையின் கண்கள் ஓரத்துக்கு நகர்ந்து உடனுக்குடன் துள்ளித் திரும்ப, இங்கு அவை ஓரத்திலேயே நின்றுவிடும். அடுத்ததாக மூளையின் எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படுகிறது. பலருக்கு அது இயல்பாக இருப்பினும், சிலருக்குச் சிறுமூளையின் நடுப்பகுதி வளர்ச்சி குன்றியிருக்கும். அங்கு மூளைத்தண்டு கடைவாய்ப்பல் வடிவில் தோன்றினால் அது சிறுநீரகத்தையும் விழித்திரையையும் பாதிக்கக்கூடிய ஜூபேர் நோய்க்குறித்தொகுதியைக் காட்டுவதால், அவ்வுறுப்புகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மண்ணீரல் வீங்கியிருந்தால், இதேபோன்ற கண்ணசைவுத் தடையை உண்டாக்கக்கூடிய கோஷே நோய்க்கான நொதிச் சோதனை தவிர்க்கக்கூடாதது.

தாவலசைவை மீட்கும் மருந்தோ அறுவையோ இல்லை. எனினும் தலைவீச்சு வயது ஏற ஏறத் தணிந்து, பள்ளிப் பருவத்தில் பலருக்கு எளிதில் புலப்படாத அளவுக்குக் குறைகிறது. உடன்வரும் மாறுகண்ணுக்கும் ஒளிவிலகல் பிழைக்கும் உரிய சிகிச்சையும், தசைத்தளர்ச்சிக்கு இயன்முறைப் பயிற்சியும், பேச்சுத் தாமதத்துக்குப் பேச்சுப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. தலையை ஆட்டாதே என்று தடுப்பது குழந்தையின் பார்வையையே தடுப்பதாகும் என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துச்சொல்வது இப்பராமரிப்பில் முதன்மையானது. வரியிலிருந்து வரிக்குக் கண் தாவ வேண்டிய வாசிப்பே இவர்களுக்குக் கடினமாதலால், கரும்பலகைக்கு நேரெதிரான இருக்கை, வரிக்கடியில் வைத்து நகர்த்தும் அட்டை, இடைவெளி மிகுந்த அச்சு, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவை பயன்தருகின்றன.