கரை காத்தவர் பேர்

விருத்தாசலம் என்றால் பீங்கான் ஊர் என்பார்கள். எங்க சேரிக்கு மண் என்றால் ஏரிக்கரைதான். மழைத்தண்ணியைத் தேக்கிக் கோடையில் வயலுக்கு விடுவது அதன் வேலை. என் தாத்தா நீர்க்கட்டி. எலிவளை, நண்டுவளை அடைப்பார். கலங்கலில் செத்தை சேரவிடமாட்டார். வெள்ளம் கரைமேல் வழிந்தால் மண்கரை நிக்காது. ‘கரைக்குப் பின்னால கசியுற தண்ணி தெளிஞ்சு வந்தா பயமில்ல, கலங்கி வந்தா உள்ளே மண்ணு அரிக்குதுடா’ என்பார்.

1858இல் சென்னை மாகாணத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட முதலாம் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைப்பாளி ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க வழிசெய்தது. நிலம் வைத்திருந்தவனை அல்ல, உழைக்கிறவனை! அந்தத் தண்ணி பாய எங்களுக்குக் காணி நிலமில்லை.

வீராணத்துக்குச் சோழராசா பேர். திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரிக்கு வெள்ளைக்காரன் பேர். ராத்திரியெல்லாம் கரைமேல் நனைந்து கிடந்தவன் பேரை நாம்தான் எழுதவேண்டும்.