அம்மம்மாவின் வீணைக்கு எந்த மைக்?

எங்களில் ஒருவரின் அம்மம்மா வீணை வாசிப்பார். வயது எழுபத்தொன்பது. விரல்கள் முந்தி மாதிரி இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனாலும் பின்னேரங்களில் விளக்கு வைத்த பிறகு, விறாந்தையில் பாய் போட்டு இருந்து ஒரு அரை மணித்தியாலம் வாசிப்பார். அவர் இளமையில் வாசித்தது ஒரு கசெற்றில் இருந்தது. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது அது அலுமாரிக்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. வீணை மட்டும் சுரைக்காய் உடைந்தபடி அறை மூலையில் கிடந்தது.

வீணையைத் திருத்தலாம், திருத்தினார்கள். கசெற்றை என்ன செய்வது? இன்னொரு தரம் பதிந்து வைப்போம் என்று போன வருடம் முடிவெடுத்தோம். கையில் இருந்த காசு கொஞ்சம். ஆகவே கேள்வியும் சின்னதுதான்: எந்த மைக் வாங்குவது?

முதலில் சும்மா போனில் பதிந்து பார்த்தோம். போன் மனிதக் குரலுக்காக ஆக்கப்பட்டது. பேச்சு இல்லாத எல்லாவற்றையும் அது இரைச்சல் என்று நினைத்து அடக்கும். வீணையின் தந்தியை மீட்டியதும் வரும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் நீண்டு கரையும் கார்வை, அதுதானே வீணை, அது பாதியில் அறுந்து போனது. பிறகு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு அண்ணாவிடம் மேடை மைக் ஒன்று இரவல் வாங்கினோம். நல்ல மைக். ஆனால் வீணைக்கு வைத்தபோது சத்தம் போதவில்லை. சத்தத்தைக் கூட்டினால் மழை பெய்கிற மாதிரி ஒரு ‘ஸ்ஸ்’ கூடவே வந்தது. சரிவரேல்லை.

ஏன் சரிவரவில்லை என்று தேடப் போய்த்தான், இந்தச் சின்னச் சாமானுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருப்பது தெரிந்தது.

கூம்புக்கு முன்னால்

மைக் வருவதற்கு முதலே இசைத்தட்டு வந்துவிட்டது. 1925 வரைக்கும் இசைத்தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு வேலை இல்லை. ஒரு பெரிய கூம்பு இருக்கும். அதற்குள் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். அந்தச் சத்தத்தின் வலுவே கூம்பின் அடியிலுள்ள தகட்டை அசைத்து, மெழுகில் ஊசியால் கீறும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதும் இப்படி ஒரு கூம்புக்குள்தான்.

கூம்புக்கு மெல்லிய சத்தம் விளங்காது. ஆகவே கலைஞர்கள்தான் அதற்கு வளைந்து கொடுத்தார்கள். மேற்கத்திய இசைக்குழுக்களில் டபிள் பேஸை எடுத்துவிட்டு அதன் பகுதியைத் தியூபா ஊதிய பதிவுகள் கனக்க உண்டு. வயலினின் சத்தம் போதாது என்று, மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கூம்பு பூட்டிய வயலினுக்கு 1899இல் ஓகஸ்டஸ் ஸ்ட்ரோ காப்புரிமை எடுத்தார். கருவியின் உடம்பையே மாற்றினால்தான் பதிய முடியும் என்ற நிலை. சத்தம் போட முடிந்தவர்களின் இசை நின்றது, மெதுவாகப் பேசும் வாத்தியங்கள் பின்னால் போயின.

இரண்டு தகடுகள்

மைக்கின் பிறப்பு இசைக்காக அல்ல, ரெலிபோனுக்காக. 1870களில் வந்த காபன் மைக்கில் காபன் துகள்களைச் சத்தம் அமுக்க, மின்னோட்டம் கூடிக் குறையும். பேச்சுக்கு அது காணும். இசைக்குக் காணாது. துகள்களின் இரைச்சல் எப்போதும் கேட்கும்.

அமெரிக்காவில் எட்வர்ட் வென்டே என்ற பொறியியலாளர் 1916இல் வேறு வழியில் யோசித்தார். மிக மெல்லிய தகடு ஒன்று, அதற்குப் பின்னால் அசையாத தகடு ஒன்று. இரண்டுக்கும் இடையில் மின்னேற்றம். சத்தம் பட்டு முன்தகடு அசைய, இடைவெளி மாறும். இடைவெளி மாற மின்னழுத்தமும் மாறும். இதுதான் கொண்டென்சர் மைக். அசைய வேண்டியது அந்த மெல்லிய தகடு மட்டும்தான், அதனால் சின்ன அதிர்வையும் அது பிடித்துவிடும். 1925இல் மின்சாரப் பதிவு தொடங்கியபோது இசைத்தட்டின் சத்தமே மாறிப்போனது. 1928இல் பேர்லினில் ஜோர்ஜ் நொய்மன் தொடங்கிய கம்பனி, போத்தல் வடிவிலான கொண்டென்சர் மைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிரச்சினை விலை. அந்தத் தகடுகளுக்கு உயர்ந்த வோல்ற்றளவு தேவை. மைக்குக்குள்ளேயே ஒரு வால்வு தேவை. தனியாக ஒரு மின்வழங்கிப் பெட்டியும் தேவை. வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கம்பனிகளும் மட்டும்தான் வாங்கக்கூடிய சாமான் அது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. பின்னர் அது இலங்கை வானொலியாக வளர்ந்து நம் கலைஞர்கள் பலரின் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனது. ஆனால் கலைஞர்தான் மைக்கிடம் போக வேண்டியிருந்தது. போக முடியாத அம்மம்மாக்கள் எத்தனை பேர் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம்.

மேடைக்கு வந்த மைக்

இரவல் வாங்கிய மேடை மைக்கின் கதை வேறு. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் ‘இயங்குசுருள் ஒலிவாங்கி’ என்று படித்திருப்பீர்கள். தகட்டோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்துக்குள் அசைய மின் பிறக்கும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை, விழுந்தாலும் இலகுவில் உடையாது, விலையும் குறைவு. டைனமிக் மைக் என்று கடையில் கேட்டால் இதைத்தான் தருவார்கள்.

1939இல் சிக்காகோவின் ஷூர் கம்பனியில் பெஞ்சமின் பாவர் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். மைக்கின் பின்பக்கத்திலும் சத்தம் நுழைய வழி விட்டு, அந்தச் சத்தத்தைச் சற்றுத் தாமதப்படுத்தினார். பின்னாலிருந்து வரும் சத்தம் தகட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தட்ட, ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு மூலகத்தை வைத்தே முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் 1965இல் பிறந்ததுதான் எஸ்எம்57. இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. மத்தளம், மிருதங்கம், தவில் போல அருகில் வைத்து எடுக்கும் வலுத்த சத்தங்களுக்கு இப்படியொரு மைக் நன்றாகப் பொருந்தும்.

வீணைக்கு ஏன் பொருந்தவில்லை? சுருளின் பாரத்தையும் சேர்த்து அசைக்க வேண்டும். அதே சத்தத்துக்கு, சாதாரணக் கொண்டென்சர் மைக் தருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தைத்தான் அது தரும். மிச்சத்தைப் பெருக்கி கொண்டு நிரப்ப வேண்டும். எங்களுக்குக் கேட்ட அந்த மழைச் சத்தம் பெருக்கியினுடையது. மைக்கில் பிழையில்லை, எங்கள் தெரிவில்தான் பிழை.

இருட்டும் தபால் கந்தோரும்

அப்படியானால் கொண்டென்சர் மைக் எப்படி எங்கள் காசுக்கு எட்டும் இடத்துக்கு வந்தது? அதற்கு மூன்று காரணங்களைக் கண்டோம்.

முதலாவது நோர்வேயிலிருந்து வருகிறது. 1966இல் நோர்வே வானொலி புதிய திரான்சிஸ்ரர் மைக்குகளை நொய்மன் கம்பனியிடம் கேட்டது. தனித்தனி மின்வழங்கிப் பெட்டி வேண்டாம், சத்தம் போகும் அதே வயரால் மின்சாரமும் வர வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. மாரிகாலத்தில் பகல் வெளிச்சம் குறைந்து போகும் அந்நாட்டின் கலையகங்களில், அவசர வெளிச்சத்துக்காக 48 வோல்ற் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று மிகச் சாதாரணமான ஓடியோ பெட்டியிலும் ‘48’ என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்குமே, அது அங்கிருந்து வந்தது.

இரண்டாவது காரணம் ஜேம்ஸ் வெஸ்ற். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1931இல் பிறந்த கறுப்பினத்தவர். அவர் பௌதிகவியல் படிப்பதை வீட்டார் விரும்பவில்லை. கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பின விஞ்ஞானிகளுக்கே தபால் கந்தோரில்தான் வேலை கிடைக்கிறது என்று தகப்பன் ஆட்களையே கொண்டுவந்து காட்டியதாக வெஸ்ற் சொல்லியிருக்கிறார். மகன் கேட்கவில்லை. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில், ஜேர்மனியரான கெர்ஹார்ட் செஸ்லரோடு சேர்ந்து, மின்னேற்றத்தை நீண்டகாலம் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் ஒரு மைக் செய்தார். இரும்பு காந்தமாகி நிற்பது போல, அந்தத் தாள் மின்னேறி நிற்கும். தகடுகளுக்கென்று உயர்ந்த வோல்ற்றளவு தேவையில்லாமல் போனது. எலெக்ற்றெற் என்று இதற்குப் பெயர். ரேப் றெக்கோடர், ரெலிபோன், காதுக் கருவி என்று எல்லாவற்றுக்குள்ளும் அது புகுந்தது.

இதை வாசித்தபோது எங்களுக்கு அந்தத் தொலைந்த கசெற் நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த ரேப் றெக்கோடரின் மூலையில் இருந்த சின்ன ஓட்டைக்கு முன்னால்தான் அம்மம்மா வாசித்தாராம். அந்தக் காலத்து றெக்கோடர்களின் ஓட்டைக்குள் பெரும்பாலும் இருந்தது வெஸ்ற்றும் செஸ்லரும் கண்டுபிடித்த சாமான்தான். மைக் முதன்முதலாக அம்மம்மாவின் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

மூன்றாவது காரணம் தொழிற்சாலை. 1950களில் கிழக்கு ஜேர்மனியின் உதவியோடு பெய்ஜிங்கில் 718 என்ற இலக்கத்தில் பெரிய இலத்திரனியல் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. பின்னர் அது பிரிந்தபோது 797 என்ற பிரிவு மைக் செய்தது. பக்கத்துப் பிரிவான 798 இன்று பெயர்பெற்ற ஓவியக்கூட வட்டாரம். 1990களில் சீன மைக்குகள் மேற்குச் சந்தைக்கு வரத் தொடங்கின. சிட்னியில் சுவீடனிலிருந்து குடியேறிய குடும்பமொன்றின் மகன் பீற்றர் ஃபிரீட்மன், சீனத்திலிருந்து எடுத்த மைக்கைத் திருத்தி விற்று, றோட் என்ற கம்பனியை வளர்த்தார். பிறகு தங்கள் மைக்கை சிட்னியிலேயே செய்யத் தொடங்கினார்கள். வீட்டில் பதிபவர்களும் கொண்டென்சர் மைக் வாங்கலாம் என்ற காலம் அதோடு தொடங்கியது.

நாங்கள் வாங்கியது

கடைசியில், பென்சில் போல ஒல்லியான சிறுதகட்டுக் கொண்டென்சர் மைக் ஒன்றும், 48 வோல்ற் தரும் சாதாரண ஓடியோ பெட்டி ஒன்றும் வாங்கினோம். பெயர் முக்கியமில்லை. பெட்டியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், விலைக்கு முதல் இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, மைக்கின் சொந்த இரைச்சல். வீணை, புல்லாங்குழல், கிற்றார் போன்ற மெல்லிய வாத்தியங்களுக்கு அது 20 டெசிபலுக்குக் கீழே இருப்பது நல்லது. மற்றது, அது எந்தத் திசையைக் கேட்கும், எதைக் கேட்காது என்பது. நல்ல மைக் அறையையும் சேர்த்துத்தான் கேட்கும். எங்கள் முதல் பதிவில் வீணையோடு சீலிங் ஃபேனும், பாண் விற்கிற ஓட்டோவின் பீதோவன் மெட்டும் தெளிவாக இருந்தன.

ஆகவே காசு செலவில்லாத வேலையைச் செய்தோம். விறாந்தையை விட்டு அறைக்குள் போனோம். ஃபேனை நிற்பாட்டினோம். சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, யன்னலில் இரண்டு போர்வை தொங்கவிட்டோம். மைக்கின் முதுகைத் தெருப் பக்கம் திருப்பினோம். பாவர் 1939இல் கண்டுபிடித்தது எங்களுக்கு அங்கேதான் பயன்பட்டது. குடத்துக்கு மிக அருகில் வைத்தால் அடித்தொனி வீங்கிக் கேட்டது, தூர வைத்தால் அறைதான் கேட்டது. ஒன்றரை அடி தள்ளி, குதிரைக்கும் மெட்டுகளுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்க்க வைத்தபோது சரிவந்தது. கூம்புக் காலத்தில் கலைஞர் நகர்ந்தார். இங்கே அம்மம்மா தன் பாயில் அசையாமல் இருந்தார், நாங்கள்தான் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி வந்தோம்.

முதலாவது பாட்டு முடிந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். கார்வை கடைசி வரைக்கும் இருந்தது. நாங்கள் அவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உதிலை நான் ரெண்டிடத்திலை பிழை விட்டது வடிவாக் கேக்குது பிள்ளையள். திரும்ப எடுங்கோ" என்றார்.

நான்கு தரம் எடுத்தோம். பதிவின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது, ஒன்று எங்களிடம், இன்னொன்று கனடாவில் சித்தியிடம். இந்த முறை ஒரு அலுமாரியை மட்டும் நம்பவில்லை.